"இடுப்பு மூட்டு விலகியிருக்கிறது" என்றார்கள்: பிசியோதெரபியால் சரியாகுமா?

கேள்வியின் சுருக்கம்: குழந்தை பிறந்து 8 மாதம் ஆகிறது. கர்ப்பத்தின் 7ஆம் மாதத்தில் வந்த வலி இன்னும் விடவில்லை. வலது பக்கம் பின்னால், பிட்டத்துக்குச் சற்று மேலே ஓரிடத்தில் குத்துகிறது. சில நாள் முன்பக்கம், அடிவயிற்றுக்குக் கீழே உள்ள எலும்பிலும் வலிக்கிறது. படுக்கையில் புரண்டால், படி ஏறினால், ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றினால் உயிர் போகிறது. "எஸ்.ஐ. ஜாயின்ட் லூசாகி விலகிவிட்டது" என்று நான்கைந்து முறை இடுப்பைத் திருகிச் 'சரிசெய்தார்கள்'. இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டியிருக்கிறேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். இது வாழ்நாள் முழுக்க இப்படியேதானா? பிசியோதெரபி உதவுமா? குழந்தையைத் தூக்கலாமா? இன்னொரு குழந்தை பற்றி யோசிக்கலாமா?

பதில்:

உங்கள் வலி உண்மையானது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எந்த எலும்பும் விலகியதாகத் தெரியவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "விலகவில்லை" என்று யாராவது சொன்னால், "அப்படியென்றால் நான் நடிக்கிறேனா" என்று பலருக்கும் மனம் நொந்துபோகிறது. "விலகிவிட்டது" என்று சொன்னால் பயந்துபோய் அசையவே மறுக்கிறார்கள். இரண்டாவதால் வரும் கேட்டைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இடுப்புக்கூடு ஒரு வளையம். பின்னால் முதுகெலும்பின் அடியில் ஆப்பு போல இறங்கியிருப்பது சேக்ரம் எனப்படும் முக்கோண எலும்பு. அதன் இரு பக்கமும் இடுப்பெலும்புகள் வந்து சேரும் இடங்கள்தான் எஸ்.ஐ. (சேக்ரோஇலியாக்) மூட்டுகள். முன்னால் அந்த இரண்டு எலும்புகளும் ஒரு குருத்தெலும்புத் தட்டால் ஒட்டியிருக்கும் இடம் பியூபிக் சிம்பைசிஸ். எஸ்.ஐ. மூட்டைச் சுற்றி எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்கள் உடம்பிலேயே மிக உறுதியானவற்றில் சேர்ந்தவை. 1989இல் ஸ்டுரெஸ்ஸன் என்ற சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும் எலும்புக்குள் சிறு உலோக மணிகளைப் பதித்து, எக்ஸ்ரே மூலம் இந்த மூட்டின் அசைவை அளந்தார்கள். சராசரியாகச் சுமார் 2.5 டிகிரி சுழற்சி, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நகர்வு, அவ்வளவுதான். அதுவும் எஸ்.ஐ. மூட்டுக் கோளாறு இருப்பதாகக் கருதப்பட்ட நோயாளிகளிடம் எடுத்த அளவு. தோலுக்கும் கொழுப்புக்கும் தசைக்கும் மேலே கட்டைவிரலை வைத்து "இந்தப் பக்கம் மேலே ஏறியிருக்கிறது" என்று சொல்பவரை ஏன் எளிதில் நம்ப முடியாது என்பது இப்போது புரியும்.

சரி, திருகிவிட்டதும் இரண்டு நாள் வலி குறைந்ததே, அது எப்படி? அதற்கும் ஆய்வு உண்டு. 1998இல் இதே மணி பதிக்கும் முறையில் 10 பேருக்கு, மூட்டைத் திருகிவிடுவதற்கு முன்னும் பின்னும் எலும்பின் நிலையை அளந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்த பரிசோதனைகள் பலவும் "சரியாகிவிட்டது" என்று காட்டின. எலும்பின் நிலையோ மாறவேயில்லை. ஆக, உங்களுக்குக் கிடைத்த நிம்மதி இறுகிப்போன தசைகள் கொஞ்ச நேரம் தளர்ந்ததாலும், நரம்புகளின் வலி உணர்வு தணிந்ததாலும் வந்தது. அதுவும் நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாதக்கணக்கில் அதை மட்டுமே நம்பி, ஒவ்வொரு முறையும் "மறுபடி விலகிவிட்டது" என்ற எண்ணத்தோடு வீடு திரும்பினால் உடம்பும் மனமும் தளர்ந்துபோகும்.

உண்மையிலேயே நிலைகுலைந்த இடுப்புக்கூடு எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய விபத்தில் வளையம் உடைந்தவர்கள், பிரசவத்தின்போது முன்பக்க இணைப்பு பிளந்தவர்கள் இந்த வகை. முன்பக்க இடைவெளி வழக்கமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் இருக்கும். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் அதைப் பிளவு என்கிறோம். ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்து இதை மேலும் சோதிப்பார்கள். இவர்களுக்கான வழி வேறு, எலும்பு மருத்துவர் கூடவே இருக்க வேண்டும்.

உங்களைப் போன்றவர்கள் "இடுப்பு விட்டுப்போகிற மாதிரி இருக்கிறது", "கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கனக்கிறது" என்று சொல்வது வேறொரு விஷயம். அதை மூட்டு கழன்று ஆடுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடல் எடை மாறும் நேரத்தில் அந்த மூட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தசைகள் சரியான நேரத்தில், சரியான அளவில் பிடிப்பதில்லை. நெதர்லாந்தில் விளீமிங், ஸ்னைடர்ஸ் ஆகியோர் 1990களில் இதை விளக்கினார்கள். எலும்புகளின் வடிவமே ஒன்றோடொன்று பொருந்திப் பூட்டிக்கொள்வது ஒரு பிடி. தசைகளும் தசையுறைகளும் இரு பக்கமிருந்தும் நெருக்கித் தருவது இன்னொரு பிடி. முதல் பிடியை நம்மால் மாற்ற முடியாது. இரண்டாவதைப் பயிற்சியால் மாற்றலாம், பிசியோதெரபி வேலை செய்வது அந்த இடத்தில்தான். அடிவயிற்றின் ஆழ்தசை, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள், முதுகின் ஆழத்திலுள்ள மல்டிஃபிடஸ், பிட்டத்தின் பெரிய தசை, எதிர்ப்பக்க முதுகின் அகன்ற தசை எல்லாம் சேர்ந்துதான் இந்தப் பிடியைத் தருகின்றன.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 2001இல் நெதர்லாந்தில் டாமென் என்பவரின் குழு கர்ப்பிணிகளின் எஸ்.ஐ. மூட்டு எவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது என்று அளந்தது. மூட்டு தளர்ந்திருப்பதற்கும் வலிக்கும் நேரடித் தொடர்பு கிடைக்கவில்லை. இரு பக்கமும் சமமாகத் தளர்ந்திருந்த பலருக்கு வலியே இல்லை. வலது ஒரு மாதிரி, இடது ஒரு மாதிரி என்று வேறுபாடு இருந்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாக இருந்தது. "ரிலாக்சின் ஹார்மோனால் எல்லாம் லூசாகிவிட்டது" என்ற விளக்கம் எவ்வளவு அரைகுறையானது என்பதை இது காட்டுகிறது. அந்த ஹார்மோனும் பிரசவம் முடிந்த சில நாட்களிலேயே இறங்கிவிடும். 8 மாதம் கழித்து அதன்மேல் பழிபோட முடியாது.

சிகிச்சைக்குப் போவதற்கு முன் வலி எங்கிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய வேண்டும். தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சேலை கட்டும் இடமும் இடுப்பு, தொடை சேரும் மூட்டும் இடுப்பு, இந்த எலும்பு வளையமும் இடுப்பு. "இடுப்பு வலி" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் "ஒரே ஒரு விரலை வைத்துக் காட்டுங்கள்" என்றுதான் நான் கேட்பேன். பின்னால் கீழ்முதுகில் இரு பக்கமும் தோலில் குழி விழும் இடம் இருக்கிறதே, அதற்குச் சற்றுக் கீழே, சற்று உள்ளே விரல் போனால் எஸ்.ஐ. மூட்டைச் சந்தேகிக்கலாம். கவட்டியில் விரல் போனால் தொடை மூட்டைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில், ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும் எலும்பு மேட்டில் போனால் அங்கே தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் காரணமாக இருக்கலாம். முழங்காலைத் தாண்டிப் பாதம்வரை மரத்துப்போய் இழுத்தால் கீழ்முதுகு டிஸ்க்கைக் கவனிக்க வேண்டும். அடுத்து, மூட்டை வெவ்வேறு திசையில் அழுத்தி உங்கள் பழகிய வலி வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள் ஐந்தாறு உண்டு. ஒன்றில் மட்டும் வலித்தால் பெரிதாக அர்த்தமில்லை. மூன்றோ அதற்கு மேலோ வலித்தால்தான் மூட்டின்மேல் சந்தேகம் வலுக்கும்.

இந்த வலியில் சிலவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் நிற்பது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, பிரசவத்துக்குப் பின் காலை ஊன்றவே முடியாமல் திடீரென்று வந்த கடும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் எலும்பின் வலு குறைந்து சேக்ரத்தில் நுண்ணிய முறிவு வருவது அரிது, ஆனால் உண்டு, எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. இன்னொன்றை இளம் வயதினர் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலையில் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, நடந்தால் குறைந்து உட்கார்ந்தால் கூடுவது, விடியலுக்கு முன் வலியில் விழிப்பது, கண் சிவந்து வலித்த வரலாறு: இப்படி இருந்தால் அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகை மூட்டழற்சியாக இருக்கலாம். இதுவும் பெரும்பாலும் எஸ்.ஐ. மூட்டில்தான் தொடங்கும். வாத நோய் நிபுணரிடம் போகாமல் பிசியோ மட்டும் செய்துகொண்டிருந்தால் வருடங்கள் வீணாகும்.

இவை எதுவும் இல்லையென்றால் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, கால்களை நீட்டி, பாதங்களுக்கு இடையே 20 சென்டிமீட்டர் விடுங்கள். முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயரம் தூக்குங்கள், பிறகு மற்றதை. எந்தக் கால் கனக்கிறது? இப்போது இடுப்பின் இரு பக்கமும் யாராவது கையால் மெல்ல நெருக்கிப் பிடிக்க, மறுபடி தூக்குங்கள். கால் லேசானால், நெருக்கித் தரும் தசைகளைப் பலப்படுத்துவது உங்களுக்கு உதவும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. நெருக்கியதும் இன்னும் கனத்தால், வலி கூடினால், நீங்கள் ஏற்கெனவே தசைகளை அளவுக்கு மீறி இறுக்கிவைத்திருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் "இடுப்புத்தளத்தை இறுக்கு, இறுக்கு" என்று கெகல் பயிற்சி செய்தால் வலி ஏறும். முதலில் மூச்சை வயிறுவரை இழுத்து, மெல்ல விட்டு, தசைகளைத் தளர்த்தப் பழக வேண்டும். உடலுறவில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் தயக்கம் இருந்தால் வெட்கப்படாமல் பிசியோவிடம் சொல்லுங்கள். இடுப்புத்தளம் இறுகியிருப்பதன் அறிகுறிகளாக அவை இருக்கலாம்.

பயிற்சி என்று வரும்போது, இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2000இல் நெதர்லாந்தில் பிரசவத்துக்குப் பின் வலி நீடித்த 44 பெண்களிடம் ஒரு சோதனை நடந்தது. வீடியோ நாடா பார்த்து 8 வாரம் குறுக்குத் தசைப் பயிற்சிகள் செய்தவர்களுக்கு, செய்யாதவர்களைவிடக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. 2004இல் நார்வேயில் ஸ்டூகெ என்ற பிசியோதெரபிஸ்டின் குழு 81 பெண்களிடம் வேறு மாதிரி செய்தது. ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்து, எந்தத் தசை பிடிக்கவில்லை என்று கண்டு, மெல்ல மெல்லப் பாரத்தை ஏற்றி, சுமார் 20 வாரம் வழிநடத்தினார்கள். அந்தப் பெண்களுக்கு வலியும் இயலாமையும் தெளிவாகக் குறைந்தன, இரண்டு ஆண்டு கழித்தும் அந்தப் பலன் நிலைத்தது. யூடியூபில் பார்த்துச் செய்து பயனில்லை என்று சொல்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவரவர் உடம்புக்கேற்ற அளவு தெரியாமல் செய்தால் அப்படித்தான் ஆகும்.

உங்களுக்கு நான் எப்படித் தொடங்குவேன்? முதல் இரண்டு வாரம் மல்லாந்து படுத்து, முழங்கால் மடித்து, மூச்சை வெளியே விடும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுப்பது. முழுப் பலத்தில் நான்கில் ஒரு பங்கு போதும். 5 முதல் 10 விநாடி பிடித்து, முழுதாக விட வேண்டும். பிடிப்பதைப் போலவே விடுவதும் பயிற்சிதான். கூடவே முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, முன்பக்க எலும்பு வலிக்காத அளவு லேசாக நெருக்குவது. பிறகு இரு காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, கதவில் கட்டிய ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுப்பது. கடைசியாகச் சொன்னது முதுகுக்குத்தானே என்று தோன்றும். முதுகின் அகன்ற தசையும் எதிர்ப்பக்கப் பிட்டத் தசையும் கீழ்முதுகின் தசையுறை வழியாக இணைந்து எஸ்.ஐ. மூட்டைக் குறுக்காக இறுக்குகின்றன, அதனால்தான் அது இந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஒற்றைக் கால் பயிற்சிகளை அவசரப்பட்டுத் தொடாதீர்கள். இரு கால் பயிற்சிகள் வலியில்லாமல் வந்த பிறகு, ஒரு கால் சற்று முன்னால் வைத்து எழுவது, தாழ்வான படியில் ஏறுவது, முழங்கால் ஊன்றிய பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து, முன்கையிலும் முழங்காலிலும் ஊன்றி உடலைத் தூக்கி நிறுத்துவது) என்று போகலாம். அதன்பின் உண்மையான எடை. பல பிசியோக்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். குழந்தை 8 கிலோ, இன்னும் ஒரு வருடத்தில் 10 கிலோவைத் தாண்டும். பாயில் படுத்து வயிற்றை உள்ளிழுக்கும் பயிற்சியோடு சிகிச்சை முடிந்தால், அந்த 10 கிலோவைத் தரையிலிருந்து தூக்கும் உடம்பு எங்கிருந்து வரும்? தொடை மூட்டில் மடங்கிக் குனிந்து எடை தூக்குவதை, 4 கிலோவில் தொடங்கினாலும் பரவாயில்லை, கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

எவ்வளவு வலி வந்தால் நிறுத்துவது? வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால், பயிற்சியின்போது மூன்றுவரை பொறுக்கலாம். மறுநாள் காலை வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், பயிற்சியையே விட்டுவிட வேண்டியதில்லை. வலுவூட்டும் பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள் போதும். தினமும் செய்து தசையைக் களைப்பாக்கி, "பிசியோவால் வலி கூடியது" என்று விட்டவர்கள் நிறைய. முதல் மாற்றம் பெரும்பாலும் வலியில் தெரியாது. புரள்வது எளிதாகும், கால் கனம் குறையும். வலி பின்னால்தான் மெல்ல இறங்கும், நடுவில் மோசமான நாட்களும் வரும். தூக்கமில்லாத ஒரு வாரத்துக்குப் பின் வலி ஏறினால் அது மூட்டுக்குப் புதிதாகச் சேதம் வந்ததால் அல்ல. களைத்த நரம்பு மண்டலம் அதே சுமையை உரக்கச் சொல்கிறது.

பெல்ட் பற்றி: அதை இறுக்கக் கட்டத் தேவையில்லை. விளீமிங் குழு சடலங்களில் செய்த சோதனையில் 50 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடை இழுக்கும் அளவு இறுக்கமே போதுமானதாக இருந்தது. இடுப்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் இரண்டு எலும்பு முனைகளுக்குச் சற்றுக் கீழே கட்டிப் பாருங்கள். முன்பக்க எலும்பு வலி அதிகமுள்ள சிலருக்கு இன்னும் கீழே, தொடையெலும்பு மேட்டுக்குச் சற்று மேலே கட்டினால் நன்றாக இருக்கும். எந்த உயரத்தில் கால் தூக்குவது லேசாகிறதோ அதுவே உங்கள் இடம். நடக்கும்போதும் நின்று வேலை செய்யும்போதும் மட்டும் கட்டுங்கள், உட்கார்ந்தால், படுத்தால் கழற்றிவிடுங்கள். பலம் ஏற ஏற நேரத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

அன்றாடத்தில் சில மாற்றங்கள் உடனே கைகொடுக்கும். புரளும்போது முழங்கால்களை மடித்துச் சேர்த்து, இடையே தலையணையை அழுத்தி, மூச்சை விட்டபடி தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். உடையை உட்கார்ந்து மாற்றுங்கள். காரில் முதலில் உட்கார்ந்து, பிறகு இரு காலையும் சேர்த்து உள்ளே எடுங்கள். வலி அதிகமான நாளில் படி ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள். இவை தற்காலிக ஏற்பாடுகள்தான். வலி குறைந்ததும் மெல்லக் கைவிட வேண்டும், இல்லையென்றால் அந்தப் பயமே பழக்கமாகிவிடும்.

குழந்தையைத் தூக்கலாமா என்றால், தாராளமாகத் தூக்குங்கள். ஒரே பக்க இடுப்பில் வைத்து, அந்தப் பக்கம் சாய்ந்து நிற்பதை மட்டும் இப்போதைக்குத் தவிர்த்து, மார்போடு நடுவில் அணைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து எடுக்கும்போது ஒரு முழங்காலை ஊன்றி, குழந்தையை முதலில் மடிக்கு இழுத்து, பிறகு எழுங்கள்.

ஊசி, அறுவை சிகிச்சை பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள் என்பதால் ஒரு வரி. ஸ்கேன் பார்த்து மூட்டுக்குள் போடும் ஊசி, முறையான பயிற்சிக்கு அசையாத வலியில் மருத்துவர் யோசிக்கும் வழி. மூட்டை இணைத்துவிடும் அறுவை மிகச் சிலருக்கே, எல்லா முயற்சிக்கும் பின்னால்தான். ஒழுங்காக அளவு ஏற்றிய பயிற்சியை ஒருமுறைகூடச் செய்யாத நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டிய கட்டம் இது அல்ல.

இன்னொரு குழந்தை: ஒரு கர்ப்பத்தில் இந்த வலி வந்தவர்களுக்கு அடுத்ததிலும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் கருத்தரிப்பதைத் தடுக்க வேண்டிய காரணமாக அதை நான் கருதவில்லை. ஒற்றைக் காலில் 30 விநாடி வலியின்றி நிற்க முடிகிறது, ஒரு மாடி ஏற முடிகிறது, மூத்த குழந்தையைத் தரையிலிருந்து தூக்க முடிகிறது என்ற நிலை வந்தபின் தொடங்குவது நல்லது. கர்ப்பம் உறுதியானதும், வலி வரும்வரை காத்திருக்காமல், முதல் மூன்று மாதத்திலேயே பிசியோவைப் பாருங்கள். பிரசவ அறையில் இருப்பவர்களிடம் உங்கள் கால்கள் வலியில்லாமல் எவ்வளவு விரிகின்றன என்பதை முன்கூட்டியே அளந்து எழுதிக் கொடுங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டபின் உங்களுக்கு வலி தெரியாது, அதனால் அந்த அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போது அவர்களுடையது.